தோற்கிற அணிக்குப் புது அரங்கம் எதற்கு?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணி ஐந்தாறு வருடம் தொடர்ந்து தோற்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் பயிற்சியாளரை மாற்றுவார்கள். வந்தவரும் தோற்றால் இன்னொருவர். அவரும் தோற்றால் பழி அரங்கத்தின் மேல் விழும். அரங்கம் பழசாம், ஊருக்கு வெளியே கிடக்கிறதாம், மாணவர்கள் வர முடியவில்லையாம், நல்ல ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்ததுமே முகம் சுளிக்கிறார்களாம். நகர மையத்தில் பளபளவென்று புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டால் அணி எழுந்துவிடும், கூட்டம் வரும், சுற்றியுள்ள தெருக்களில் ஹோட்டலும் கடையும் முளைக்கும், அரசு போட்ட பணம் வரியாகத் திரும்பி வந்துவிடும். பல்கலைக்கழகத் தலைவர்கள், மேயர்கள், கட்டுமான நிறுவனங்கள், உள்ளூர் விளையாட்டு நிருபர்கள் என்று பலரும் ஒரே குரலில் சொல்வதால் இது ஏறக்குறைய பொது அறிவு ஆகிவிட்டது.

இந்தப் பொது அறிவை ஒரு நகரம் சொந்தச் செலவில் சோதித்துப் பார்த்துவிட்டது. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக அணிக்காக எழுப்பப்பட்ட வின்ட்ரஸ்ட் அரீனா 2017 அக்டோபரில் திறக்கப்பட்டது. 10,387 இருக்கைகள். வடிவமைத்தது சீசர் பெல்லியின் நிறுவனம். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த அதே பெல்லி. கட்டி முடித்தபோது செலவு 17.3 கோடி டாலர் ஆகியிருந்தது. ஏறக்குறையப் பாதியை டிபால் கொடுத்தது. மீதியை மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தை நடத்தும் அரசு அமைப்பு ஏற்றது. வட்டாரத்தை மேம்படுத்துவதாகச் சொல்லி நகராட்சி தன் பங்குக்கு 5.5 கோடி டாலரை ஒதுக்கியது.

புது அரங்கத்தில் ஏழாவது பருவமான 2023–24இல் டிபால் 32 ஆட்டங்கள் ஆடி 3இல் வென்றது. பிக் ஈஸ்ட் லீக் ஆட்டங்கள் இருபது, இருபதிலும் தோல்வி. பருவம் முடியும் வரைகூடப் பொறுக்காமல் ஜனவரியிலேயே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அரங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு இதற்கும் ஒரு பதில் உண்டு: கட்டடத்தில் குறையில்லை, பயிற்சியாளர் சரியில்லை. அதைத்தான் ஐயா நாங்களும் சொல்கிறோம். பயிற்சியாளர்தான் விஷயம் என்று 2024இல் தெரிகிறதென்றால், 2013இல் அது எப்படித் தெரியாமல் போயிற்று?

டிபால் ஏதோ பெயர் தெரியாத அணி என்று நினைத்துவிட வேண்டாம். வின்சென்ஷியன் கத்தோலிக்கத் துறவிகள் 1898இல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. ரே மேயர் என்ற பயிற்சியாளர் 1942 முதல் 1984 வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள், ஒரே அணியைக் கட்டிக்காத்தார். கண்ணாடி அணிந்த நெட்டையன் ஜார்ஜ் மைக்கனை அவர்தான் ஆட்டக்காரனாக்கினார். பிற்காலத்தில் தொழில்முறைக் கூடைப்பந்தின் முதல் பெருநட்சத்திரம் ஆனவர் அந்த மைக்கன். 1979இல் மார்க் அகுவைர் என்ற சிகாகோப் பையனை வைத்துக்கொண்டு டிபால் தேசிய அரையிறுதிக்குப் போனது. லாரி பேர்டின் இண்டியானா ஸ்டேட் அணியிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. அப்போது அணி ஆடிய இடம் லிங்கன் பார்க் வளாகத்துக்குள் இருந்த அலும்னி ஹால். 1956இல் கட்டியது, ஐயாயிரம் பேர் அளவுக்குத்தான் இடம்.

அந்தப் புகழுக்கு அலும்னி ஹால் போதவில்லை என்று 1980இல் ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மான்ட் என்ற புறநகரில் புதிதாகத் திறந்த பெரிய அரங்கத்துக்கு அணி குடிபோனது. இன்று அதன் பெயர் ஆல்ஸ்டேட் அரீனா. பதினேழாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். வளாகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அதிகத் தூரம். அங்கே முதல் சில ஆண்டுகள் பெருங்கூட்டம் வந்தது. தூரம் அன்றைக்கும் இதே தூரம்தான், சிகாகோவின் ஜனவரிக் குளிரும் இதே குளிர்தான். அகுவைர் ஆடினார், டெரி கம்மிங்ஸ் ஆடினார், அணி தேசியத் தரவரிசையின் உச்சியில் இருந்தது, ஆகவே ஜனங்கள் காரில் ஏறி ரோஸ்மான்ட் போனார்கள். மேயர் ஓய்வுபெற்றார், பிறகு அவர் மகன் ஜோயி 1997 வரை அணியை நடத்தினார், அதன் பின் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 2004க்குப் பிறகு அணி ஒருமுறைகூடத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. 2005இல் பிக் ஈஸ்ட் என்ற முரட்டு லீக்கில் சேர்ந்தார்கள். 2008–09இல் லீக்கின் 18 ஆட்டங்களிலும் தோற்றார்கள். கூட்டம் கரைந்தது. கரைந்த பிறகுதான் ரோஸ்மான்ட் ரொம்ப தூரம் என்ற உண்மை எல்லாருக்கும் உறைத்தது.

மாணவர்கள் விஷயத்தில் தூரம் ஒரு குறைதான், அதை மறுக்க மாட்டேன். கார் இல்லாத பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு புதன்கிழமை இரவில் பஸ் பிடித்து விமான நிலையத்தடிக்குப் போய்த் திரும்ப யோசிப்பான். ஆனால் அந்தக் குறைக்கு மருந்து வளாகத்துக்குள் ஒரு கூடம். இருந்த கூடத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? 2000இல் அலும்னி ஹாலை இடித்துத் தள்ளி அந்த இடத்தில் மாணவர் மையம் கட்டினார்கள். வளாகத்தில் இருந்ததைத் தானே இடித்துவிட்டு, பதின்மூன்று வருடம் கழித்து வந்து மாணவர்கள் அரங்கத்துக்குத் தொலைவாகிவிட்டார்கள் என்று ஒரு நிர்வாகம் வருத்தப்பட்டால் அந்த வருத்தத்துக்கு ஊர்ப் பணம் ஏன் ஆறுதல் சொல்ல வேண்டும்?

நகர மையம் என்று சொல்லப்பட்ட இடத்தையும் வரைபடத்தில் பார்த்துவிடுவோம். வின்ட்ரஸ்ட் அரீனா இருப்பது சிகாகோவின் மையமான லூப்பில் அல்ல. அதற்குத் தெற்கே மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, மாநாட்டு மையத்தை ஒட்டி. அதே மூன்றரைக் கிலோமீட்டர் அளவில், லூப்பின் மேற்கே, 1994 முதல் ஓர் அரங்கம் நிற்கிறது: யுனைட்டெட் சென்டர். மைக்கேல் ஜோர்டன் ஆடிய அரங்கம். டிபால் வளாகத்திலிருந்து வின்ட்ரஸ்டைவிட அது கிட்டத்தில் இருக்கிறது. அதன் உரிமையாளர்கள் டிபாலுக்குப் பத்து வருடம் வாடகையே வேண்டாம் என்று அழைப்பும் விடுத்தார்கள். டிபால் வேண்டாம் என்றது.

ஆக, நகரத்துக்குள் ஆட இடமில்லாத நிலையில் டிபால் என்றைக்கும் இல்லை. மையத்திலிருந்து சம தூரத்தில், வளாகத்துக்கு இன்னும் பக்கத்தில், காசில்லாமல் ஒன்று கிடைத்தது. மறுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேலி செய்ய மாட்டேன்: இருபதாயிரம் இருக்கை கொண்ட அரங்கத்தில் நாலாயிரம் பேர் உட்கார்ந்தால் வெறிச்சோடித் தெரியும், புல்ஸ், பிளாக்ஹாக்ஸ் அணிகளின் தேதி போக மிஞ்சியதுதான் கிடைக்கும், வீடு தனதென்ற பெருமை இருக்காது. எல்லாம் புரிகிறது. ஆனால் இவையெல்லாம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆசைகள். ஆசைக்குச் சொந்தப் பையில் கை விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த வாதம் ஆட்டக்காரர்களைப் பற்றியது. பதினேழு வயதுப் பையனுக்குக் கண்ணாடிச் சுவரும் பெரிய திரையும் வேண்டுமாம், பழைய கட்டடத்தைக் கண்டால் ஓடிவிடுவானாம். அந்த ஆண்டுகளில் சிகாகோ வளர்த்த மூன்று பெரும் ஆட்டக்காரர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். டெரிக் ரோஸ் 2007இல் மெம்ஃபிஸ் போனார். ஆன்தனி டேவிஸ் 2011இல் கென்டக்கி போனார். மெம்ஃபிஸ் ஆடிய ஃபெடெக்ஸ் ஃபோரம் 2004இல் திறந்த புத்தம் புது நகர மைய அரங்கம். கென்டக்கி ஆடும் ரப் அரீனா 1976இல் திறந்த பழசு. இரண்டு அரங்கத்துக்கும் பொதுவானது ஒன்றுதான். ரோஸ் போனபோது மெம்ஃபிஸிலும் டேவிஸ் போனபோது கென்டக்கியிலும் பயிற்சியாளராக இருந்தவர் ஜான் கலிபாரி. மூன்றாமவர் ஜபாரி பார்க்கர். டிபால் அரங்கத் திட்டம் அறிவிக்கப்பட்ட அதே 2013இல் அவர் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டியூக் ஆடும் கேமரூன் அரங்கம் 1940இல் கட்டியது, இருக்கை 9,314. அந்த நெருக்கடியான கல் கட்டடத்தில் ஆடிக்கொண்டே டியூக் 1991 முதல் 2015 வரை ஐந்து தேசியப் பட்டங்கள் வாங்கியிருக்கிறது.

பட்லர் பல்கலைக்கழகம் 1928இல் திறந்த ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸில் ஆடியபடியே 2010, 2011 என அடுத்தடுத்து இரண்டு தேசிய இறுதிப் போட்டிக்குப் போனது. ஸ்போகேன் நகரத்தின் கொன்சாகா ஆறாயிரம் பேர் அமரும் வளாக அரங்கத்தோடு இரண்டு முறை இறுதி ஆட்டம் பார்த்துவிட்டது. தூரத்து உதாரணம் பிடிக்காதென்றால் சிகாகோவுக்கே வருவோம். ஏரிக்கரையில், ரோஜர்ஸ் பார்க்கில், லயோலா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதுவும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தான், டிபாலுக்கு ஊர்ப் போட்டியாளர். வளாகத்துக்குள் ஐயாயிரத்துக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட கூடம். வின்ட்ரஸ்ட் அரீனா முதல் பருவம் கண்ட 2017–18இல், போர்ட்டர் மோசர் என்பவர் பயிற்சியளித்த இந்த லயோலா, யாரும் எதிர்பாராமல் தேசிய அரையிறுதிக்குப் போய்விட்டது. சக்கர நாற்காலியில் வந்து அணிக்காக ஜெபித்த 98 வயதுக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஜீன் அந்த மாதம் அமெரிக்கா முழுக்கப் பிரபலமானார். 17.3 கோடி டாலர் புத்தம் புது அரங்கத்துக்குள் டிபால் அந்தப் பருவத்தைத் தோல்விக் கணக்கோடு முடித்தது. ஒரே நகரம், ஒரே குளிர்காலம். இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை ஆராய்ச்சிக்கூடத்தில்கூட ஏற்பாடு செய்ய முடியாது.

எதிர்த்தரப்பிடம் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. அவர்கள் சொல்லாமல் விட்டாலும் நான் சொல்லத்தான் வேண்டும்: ஒமாஹா. அங்குள்ள கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 2003இல் நகர மையத்தில் திறந்த பெரிய அரங்கத்துக்குப் பழைய சிவிக் ஆடிட்டோரியத்திலிருந்து மாறியது. கூட்டம் பெருகியது. இன்று நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் கல்லூரி அணிகளில் அதுவும் ஒன்று. பிக் ஈஸ்டில் டிபாலின் சக அணி வேறு. அப்படியானால் ஒமாஹாவில் பலித்தது சிகாகோவில் ஏன் பலிக்கவில்லை?

முதல் காரணம், கிரெய்ட்டன் ஜெயித்துவிட்டுத்தான் மாறியது. பழைய ஆடிட்டோரியத்தின் கடைசிப் பருவமான 2002–03இல் கைல் கோர்வர் தலைமையில் 34 ஆட்டங்களில் 29ஐ வென்றிருந்தது. இடம் போதவில்லை என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்த சங்கதி. இரண்டாவது, வளாகமும் அரங்கமும் நடக்கிற தூரம். மூன்றாவது, ஒமாஹாவில் என்.பி.ஏ. அணி கிடையாது, என்.எச்.எல். அணி கிடையாது, குளிர்காலத்தில் ஊருக்கு இருக்கிற பெரிய விளையாட்டு கிரெய்ட்டன்தான். சிகாகோவில் டிபால் ஆறாவதோ ஏழாவதோ. நான்காவது எனக்கு முக்கியம். ஒமாஹா அந்தக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா என்று 2000ஆம் ஆண்டு வாக்காளர்களிடமே கேட்டது. அவர்கள் சரி என்றார்கள். சிகாகோவில் யாரிடமும் கேட்கவில்லை. ஒமாஹாவைக் காட்டி வாதாடுகிறவர்கள் இந்த நான்கையும் சேர்த்தே காட்டட்டும்.

அணி ஜெயித்தால் பணமாவது திரும்பி வருமா? அதற்கு லூயிவில் நகரம் பதில் வைத்திருக்கிறது. லூயிவில் பல்கலைக்கழக அணி 1956 முதல் ஃப்ரீடம் ஹால் என்ற அரங்கத்தில் ஆடியது, 1980இலும் 1986இலும் தேசியப் பட்டம் வென்றது. கூட்டம் குறைந்த அணி இல்லை, நாட்டின் முன்னணிக் கூட்டங்களில் ஒன்று. அப்படியும் ஒஹாயோ ஆற்றங்கரையில், நகர மையத்தில், இருபத்திரண்டாயிரம் பேர் அமரும் கே.எஃப்.சி. யம்! சென்டர் 2010இல் எழுந்தது. கட்டும் செலவு 23.8 கோடி டாலர். 2008இல் விற்ற கடன்பத்திரங்கள் 34.9 கோடி டாலருக்கு. கடனை அடைக்கும் வழியில் ஒன்றாக, அரங்கத்தைச் சுற்றியுள்ள சதுர மைல்களில் வரி வருமானம் உயரும், அந்த உயர்வு கடனுக்குப் போகும் என்று எழுதிவைத்தார்கள். அணி பிரமாதமாக ஆடியது. 2013இல் பட்டமே வென்றது (பின்னால் விதிமீறலுக்காக அது பறிக்கப்பட்டது வேறு கதை). அப்படியும் வரி உயர்வு கணக்குக்கு வரவில்லை. மூடீஸ் நிறுவனம் அந்தக் கடன்பத்திரங்களை முதலீட்டுக்குத் தகுதியற்றவை என்ற தரத்துக்கு இறக்கியது. 2017இல் கடனை மறுபடி பேசி நீட்டித்து, நகராட்சி ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, பல்கலைக்கழகத்தையும் கூடுதலாகக் கட்டச் சொல்லித்தான் கப்பலைக் கரைசேர்த்தார்கள்.

அதே லூயிவிலில் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. 2023–24இல் அந்த அணி 8 வெற்றி, 24 தோல்வி. அடுத்த பருவம் பேட் கெல்சி என்ற புதுப் பயிற்சியாளர் வந்தார். 27 வெற்றி, 8 தோல்வி. கூரை அதே கூரை, நாற்காலி அதே நாற்காலி.

பொருளாதாரக் கணக்கு ஏன் பொய்க்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ராஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் இருவரும் 1997இல் தொகுத்த ஆய்விலிருந்து பிராட்பரி, கோட்ஸ், ஹம்ஃப்ரீஸ் மூவரும் 2023இல் வெளியிட்ட தொகுப்புவரை, விளையாட்டு அரங்கங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: அரசு போடும் பணத்துக்கு ஈடான வளர்ச்சி உள்ளூருக்குக் கிடைப்பதில்லை. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு மாதம் இவ்வளவு என்றுதான் வைத்திருக்கும். ஆட்டத்துக்குப் போனால் அந்த மாதம் சினிமா இல்லை, பக்கத்துத் தெரு ஹோட்டலில் சாப்பாடு இல்லை. பணம் ஊருக்குள்ளேயே ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்கு மாறுகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வருடத்துக்கு 41 உள்ளூர் ஆட்டம் ஆடும் என்.பி.ஏ. அணிகளையும் 81 ஆட்டம் ஆடும் பேஸ்பால் அணிகளையும் பற்றியவை. கல்லூரி அணி சொந்த அரங்கில் ஆடுவது வருடத்துக்குப் பதினாறு, பதினெட்டு ஆட்டம். எண்பத்தொன்றில் பலிக்காதது பதினெட்டில் எப்படிப் பலிக்கும்?

சிகாகோவில் இந்தக் கல்லா மாற்றம் இன்னும் அப்பட்டமாக நடந்தது. வின்ட்ரஸ்ட் அரீனாவின் இரண்டு முக்கியக் குடித்தனக்காரர்கள் டிபால் ஆண்கள் அணியும், 2018இல் வந்துசேர்ந்த சிகாகோ ஸ்கை என்ற தொழில்முறை மகளிர் அணியும். இரண்டும் அதற்கு முன் ஆடியது ரோஸ்மான்டின் அதே ஆல்ஸ்டேட் அரீனாவில். புதிதாக எதுவும் பிறக்கவில்லை. புறநகரில் இருந்த இரண்டு அணி நகரத்துக்குள் வீடு மாறின. சிகாகோ மேயருக்கு அது வரவு என்றே வைத்துக்கொள்வோம். மெக்கார்மிக் பிளேஸை நடத்தும் அமைப்போ இல்லினாய் சட்டமன்றம் உருவாக்கியது, அதைக் கட்டியெழுப்ப உதவும் ஹோட்டல் வரியும் வாடகைக் கார் வரியும் பொதுப் பணம். மாநிலத்தின் பணத்தைப் போட்டு, மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரின் வருமானத்தை இன்னொரு ஊருக்கு நகர்த்துவதில் இல்லினாய்க்காரருக்கு என்ன லாபம்?

கூட்டத்தைப் பற்றிச் சொன்ன கணக்கும் உண்டு. திட்டத்துக்காக அமர்த்தப்பட்ட ஆலோசனை நிறுவனம் டிபால் ஆண்கள் ஆட்டத்துக்குச் சராசரி 9,500 பேர் வருவார்கள் என்றது. 10,387 இருக்கையில் 9,500! ரோஸ்மான்டில் அப்போது அறிவிக்கப்பட்ட எண்ணிக்கைக்கும் வாசலில் உண்மையில் ஸ்கேன் ஆன டிக்கெட்டுக்கும் இருந்த பெரிய இடைவெளியைச் சிகாகோப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. விற்ற டிக்கெட், இனாமாகக் கொடுத்த டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வதுதான் அறிவிக்கப்படும் எண். நாற்காலியில் உட்கார்ந்தவர் எண் வேறு. பல வருடம் தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு 9,500 என்று ஒருவர் எழுதினார், இன்னொருவர் அதை அப்படியே எடுத்துக் கூட்டத்தில் வாசித்தார். அந்தச் சராசரியை டிபால் ஒரு பருவத்திலும் எட்டவில்லை.

அறிவிப்பு வந்த மாதத்தையும் மறக்கக்கூடாது. மேயர் ராம் எமானுவேலும் ஆளுநர் பாட் க்வின்னும் இத்திட்டத்தை அறிவித்தது 2013 மே. அதே மே மாதத்தில்தான் சிகாகோ கல்வி வாரியம், பணமில்லை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி ஏறக்குறைய 50 பொதுப் பள்ளிகளை மூட வாக்களித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கறுப்பினக் குழந்தைகள் படித்த தெற்கு, மேற்குப் பகுதிப் பள்ளிகள். இரண்டையும் முடிச்சுப் போடுவது அநியாயம் என்று அரங்க ஆதரவாளர்கள் கோபப்பட்டார்கள். நகராட்சி ஒதுக்கிய 5.5 கோடி 'டிஃப்' நிதியாம், அதைப் பள்ளிச் செலவுக்கு எடுக்க முடியாதாம்.

டிஃப் என்றால் என்ன? ஒரு வட்டாரத்தின் சொத்து வரி வருமானத்தை இன்றைய அளவில் நிறுத்திவைத்து, இனிமேல் உயர்கிற தொகையை எல்லாம் தனி நிதியில் போட்டு, இருபத்து மூன்று வருடத்துக்கு அந்த வட்டார மேம்பாட்டுக்கே செலவழிப்பது. அந்த உயர்வு தனி நிதிக்குப் போகாமல் இருந்தால் அதில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் பள்ளிகள்தான். தேவைக்கு மேல் தேங்கும் டிஃப் பணத்தை உபரி என்று அறிவித்துப் பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் பிரித்துக் கொடுக்கவும் வழியிருக்கிறது. சிகாகோவே அதைச் செய்திருக்கிறது. முடியாது என்றது சட்டம் அல்ல, முன்னுரிமை. எதிர்ப்பு வலுத்ததும், அந்த 5.5 கோடி அரங்கத்துக்கு அல்ல, சுற்றியுள்ள நிலத்துக்கும் ஹோட்டலுக்கும் என்று விளக்கம் மாறியது. ஒரே திட்டத்தின் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டு வலது பை சுத்தம் என்று காட்டினார்கள். பக்கத்தில் 1,200க்கும் மேற்பட்ட அறைகளோடு மேரியட் மார்க்கீ ஹோட்டல் எழுந்தது உண்மை. அது வட அமெரிக்காவின் மிகப் பெரிய மாநாட்டு மையத்துக்காக எழுந்த ஹோட்டல்; டிபால் ஆட்டம் பார்க்க வந்து அங்கே அறை எடுத்துத் தங்குகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாநாட்டுக்காரர்களுக்குப் பத்தாயிரம் பேர் கூடும் மண்டபம் தேவைப்பட்டது, அரங்கம் அதற்கும் பயன்படும் என்பது கடைசியாக நீட்டப்பட்ட சமாதானம். இருக்கலாம். மண்டபம் வேண்டுமென்றால் மண்டபம் என்ற பெயரிலேயே கேட்டு, எத்தனை மாநாடு வரும், வாடகை என்ன, எத்தனை வருடத்தில் கடன் தீரும் என்று அந்தக் கணக்கைக் காட்டியிருக்கலாம். அப்படிக் கேட்டால் மேடையில் பந்து தட்டும் மாணவர்கள் இருக்க மாட்டார்கள், தொலைக்காட்சி வராது.

இப்போது அரங்கத்தின் மானத்தைக் காப்பது சிகாகோ ஸ்கை மகளிர் அணிதான். 2021இல் அவர்கள் இதே வின்ட்ரஸ்டில் தேசியப் பட்டம் வென்றார்கள். ஏஞ்சல் ரீஸ் என்ற ஆட்டக்காரர் வந்த பிறகு கூட்டம் அலைமோதியது. அரங்க ஆதரவாளர்கள் உடனே, பார்த்தீர்களா, வீண்போகவில்லை என்றார்கள். 2025இல் கெய்ட்லின் கிளார்க் என்ற நட்சத்திரத்தின் இண்டியானா ஃபீவர் அணிக்கு எதிரான இரண்டு ஆட்டங்களை ஸ்கை எங்கே வைத்தது? யுனைட்டெட் சென்டரில். வின்ட்ரஸ்டில் இடம் போதவில்லை. டிபாலுக்குச் சும்மா கொடுக்க முன்வந்த அதே அரங்கம்.

டிபாலின் அடுத்த தேவையும் வந்துவிட்டது. 2024இல் கிறிஸ் ஹோல்ட்மன் பயிற்சியாளராக வந்தார். இந்த முறை லிங்கன் பார்க் வளாகத்தில் புதுப் பயிற்சிக்கூடம் கட்டப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. நல்ல ஆட்டக்காரர்களைக் கவர அதுதான் இன்றியமையாதது என்கிறார்கள். 2013இல் இன்றியமையாததாக இருந்தது அரங்கம். இதற்கிடையில் ஆட்டமே மாறிப்போயிற்று. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர்வரை. பதினெட்டு வயதுப் பையனின் குடும்பம் இன்று முதலில் கேட்பது எவ்வளவு தருவீர்கள் என்பதை. ஆட்ட நேரத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு. டிபால் வின்ட்ரஸ்டுக்குக் கொடுத்த பணம் வங்கியில் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பல வருடத்துக்குப் பதில் சொல்லியிருக்கும்.

ஆகவே அடுத்த நகரத்தில் அடுத்த பல்கலைக்கழகம் வரைபடத்தோடு மேயர் அலுவலகத்துக்கு வரும்போது கேட்க வேண்டியது அதிகமில்லை. இருக்கிற அரங்கம் எத்தனை ஆட்டத்துக்கு நிரம்பி, எத்தனை பேர் டிக்கெட் கிடைக்காமல் திரும்பினார்கள்? ஸ்கேன் கணக்கைக் காட்டுங்கள். ஊரில் வேறு அரங்கம் வாடகைக்குக் கிடைக்காதா? வாக்காளரிடம் கேட்கத் தயாரா? அணி 3 வெற்றி, 29 தோல்வி என்று முடிக்கிற வருடத்தில் கடன் தவணையைக் கட்டப்போவது யார்? டிபால் 2013இல் இவற்றில் முதல் கேள்வியையே தாண்டியிருக்காது.